மூடிச் சக்கரத்தைப் புத்தியோடுதான் செய்தேன்

ஏழுமலை,

சாப்பிட்டாயா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் கை போகிறது. கேட்க மாட்டேன். வெள்ளிக்கிழமை என் வீட்டுச் சோற்றைப் பாதியில் விட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனவன் நீ. திருவொற்றியூர் போய்ச் சேர்ந்ததும் உன் பெண்டாட்டி கோமதி ஏதாவது போட்டிருப்பாள். எனக்கு அன்றைக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அதை உனக்குத் தெரிவிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன், எழுதும்போது வந்துவிட்டது, இருக்கட்டும். நேரில் பேசினால் நீ எழுந்து போய்விடுகிறாய். காகிதத்தில் எழுதினால் கிழித்துப் போடலாம், அவ்வளவுதான் உன்னால் முடியும். கிழித்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. எழுத எழுத இதை ஆணிக் கொட்டகைச் சரோஜாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ராயபுரத்தில் நம் லைன் வீடுகளில் யார் வந்து கேட்டாலும் படித்துக் காட்டுவேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். புத்தி கோணல் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வெள்ளிக்கிழமை காலையில் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அதற்கு முந்தின வாரம் முழுக்க என்னைப் பார்த்தாலே அந்த மனுஷன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அன்றைக்குப் பார்த்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நம் மரப்பெட்டி ஆலையில் இத்தனை வருஷத்தில் மேனேஜர் அறையில் நான் உட்கார்ந்ததே கிடையாது. காது கேட்காதவளிடம் பேசுவதுபோல ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் பேசினார். "ஆயாம்மா, பயப்படாதீங்க. உங்க பையன் எல்லாம் சொல்லிட்டார். வீட்டுக்காரர் போனதிலேருந்து உங்களுக்கு மனசு சரியில்லைன்னு எங்களுக்குத் தெரியாம போச்சு. திங்கட்கிழமை விசாரணையில நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். உங்க பையன் பேசுவார். நீங்க தலையை மட்டும் ஆட்டுங்க, போதும்." தண்ணீர் வேறு கொண்டுவரச் சொன்னார். நான் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. அவர் கோபமாகத் திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு கேட்டுவிட்டு வந்திருப்பேன். அந்த அன்பு இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் நீ வந்தாய். சோறு போட்டுக்கொண்டே கேட்டேன். நீ மென்று முழுங்கினாய். "பைத்தியம்னு சொல்லலம்மா. மனசு செரியில்லன்னுதான் சொன்னேன். உனுக்கும் வேல போவாது, எனுக்கும் பேஜாரு இல்ல. நீ ஏன் இத்தப் போயி பெருசு பண்ணிகினு கீற?" என்றாய். "இன்னாடா பெருசு? ஊருல கீறவங்கையில எல்லாம் எங்கம்மா கிறுக்குன்னு சொல்ட்டு வந்து, எங்கிட்டயே கொயம்பு ஊத்துன்றியா?" என்று நானும் கத்தினேன். கத்தியதற்கு வருத்தப்படவில்லை. குழம்புக் கரண்டியைத் தரையில் அடித்தேனே, அது வளைந்துவிட்டது, அதற்கு மட்டும் வருத்தம்.

இப்போது நிதானமாகச் சொல்கிறேன், கேள். நீ ஆலையின் டைம் ஆபீசில் உட்கார்ந்து கேள்விப்பட்டது ஒன்று, பிள்ளைக் கொட்டகையில் நடந்தது வேறு.

ஆலையில் பெண்பிள்ளைகள் வேலை செய்தால் அவர்கள் கைக்குழந்தைகளை வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்று சட்டம் வந்த பிறகுதான் அந்தக் கொட்டகையைப் போட்டார்கள். உனக்கே தெரியும். அதற்கு முன்னால் நாங்கள் வளைந்த ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தும்போது பிள்ளைகள் பக்கத்திலேயே கோணிமேல் கிடக்கும், எந்த நேரம் எது ஆணியை வாயில் போடுமோ என்று ஒரு கண் வேலையில், ஒரு கண் பிள்ளைமேல். கொட்டகை வந்ததும் என்னை அங்கே ஆயாவாகப் போட்டார்கள். கூடவே ஒரு கண்ணாடி அலமாரியும் வந்தது. அதற்குள் கண்ணை மூடித் திறக்கிற சீமைப் பொம்மை, சாவி கொடுத்தால் ஓடுகிற தகர ரயில், வர்ணம் அடித்த மரக்கட்டைகள். அலமாரிக்குப் பூட்டு. சாவி வெல்பேர் ஆபீசர் இடுப்பில். சர்க்கார் இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் திறப்பார்கள், அவர்கள் போனதும் பூட்டுவார்கள். மற்ற நாளெல்லாம் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நிற்கும். அந்த மூக்குத் தடத்தைத் துடைப்பதுதான் எனக்கு முதல் வேலை. துடைக்கத் துடைக்க வயிறு எரியும். பொம்மையைச் சிறையில் போட்டவன்தான் புத்திசாலி, அப்படித்தானே? சரி, இருக்கட்டும்.

ஒரு நாள் இழைப்புப் பட்டறையிலிருந்து முந்தானை நிறைய மரச்சுருள் அள்ளி வந்து நடுவில் கொட்டினேன். எப்படியும் பாய்லரில் போட்டு எரிக்கப் போகிற சுருள். பிள்ளைகள் அன்றைக்குச் செய்த அமர்க்களத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஒன்று அதைக் காதில் மாட்டித் தோடு என்றது, ஒன்று தலையில் வைத்துச் சவுரி என்றது, ஒன்று ஊதி ஊதிப் பறக்கவிட்டது. அதற்கப்புறம் எதையும் விடவில்லை. பலகைத் துண்டில் ஆணி அடித்துக் கயிறு கட்டினால் இழுத்துப் போகிற வண்டி. பழைய தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டு வாயைத் துணியால் கட்டினால் கிலுகிலுப்பை. வெயில் காலத்தில் நுங்கு தின்று போட்ட வெறும் காய்களில் இரண்டை எடுத்துக் குச்சியில் கோத்தால் நுங்கு வண்டி, கொட்டகையைச் சுற்றி நாள் முழுக்க ஓடும். பெட்டிக்குச் சீட்டு ஒட்டுகிற பசையில் மீந்ததை வாங்கி வந்து காகிதத்தில் தொப்பி, கப்பல், விசிறி.

ஒன்று மட்டும் எனக்கு வழக்கம். எதையும் நான் முடித்துக் கொடுக்க மாட்டேன். வண்டிக்கு மூன்று சக்கரம் மாட்டுவேன், நாலாவதைப் பிள்ளைதான் மாட்ட வேண்டும். கப்பலுக்குக் கடைசி மடிப்பு அதுதான் மடிக்க வேண்டும். கோணலாக மாட்டும், வண்டி ஒரு பக்கமாகச் சாயும், போகட்டும். ஆனால் அது தன் வண்டி. முழுசாகச் செய்து கொடுத்த பொம்மை அரை நாளில் மூலைக்குப் போய்விடும், அரைகுறையாகக் கொடுத்ததுதான் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற பொம்மை. இதைப் பாடமாக எங்கும் படிக்கவில்லை, உன்னை வளர்த்ததில் தெரிந்துகொண்டேன்.

பிறகு மூடிச் சக்கரம். என்மேல் பெரிய புகாரே அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். கலர் சோடா பாட்டில் மூடி இருக்கிறதே, அதைச் சுத்தியால் தட்டினால் ஓரம் நெளிநெளியாகத்தான் நிற்கும். நம் ஆலைச் சுவருக்குப் பின்னால் துறைமுகத்துச் சரக்கு ரயில் பாதை போகிறது. தண்டவாளத்தில் மூடியை வைத்தால் வாகன் பெட்டிகள் அதன்மேல் நகர்ந்து போய்ச் சப்பட்டையாக்கிவிடும், காலணா மாதிரி வழவழப்பாக வரும். நடுவில் ஆணியால் இரண்டு ஓட்டை, பட்டம் விடுகிற நூலைக் கோத்து இரண்டு பக்கமும் விரலில் மாட்டி முறுக்கி இழுத்தால் விர்ர்ர் என்று சுற்றும். கண்ணுக்கே தெரியாமல் சுற்றும். ஓட்டை இரண்டையும் பிள்ளைகளே போட வேண்டும், ஒன்று தப்பினாலும் சக்கரம் தள்ளாடும். சரியான இடம் கண்டுபிடிக்கிற வரை மூடி மூடியாகப் பாழ் பண்ணுவார்கள். நான் வாயே திறக்க மாட்டேன்.

பிள்ளைகளை ரயில் பாதைக்குக் கூட்டிப் போனேன் என்கிறார்கள். பொய். பிள்ளைகள் முள்கம்பிக்கு இந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கம்பியைத் தாண்டுகிறவள் நான் ஒருத்திதான். ரயில்வே பாயிண்ட்ஸ்மேன் கொடி காட்டுவதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "இன்னா ஆயா, இன்னிக்கி எத்தினி மூடி?" என்று கேட்டு, நான் திரும்பி வந்து கம்பிக்குள் நின்ற பிறகுதான் கொடியை ஆட்டுவார். மூடிகள் வாகனுக்கு அடியில் போகும்போது பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். கடைசி வாகன் போனதும் ஒரு கூச்சல் கிளம்பும், துறைமுகத்துக்கே கேட்கும். துறைமுகத்து எஞ்சின் தங்களுக்காக வேலை செய்கிறது என்று நினைப்பு அவர்களுக்கு. நினைத்தால் என்ன? அவர்கள் அப்பன்மார் அந்த எஞ்சினுக்குத்தானே நாள் முழுக்க வேலை செய்கிறார்கள்.

கீறல் விழுந்தது உண்மை. ஒரு பையன் நூலை முகத்துக்குக் கிட்டே வைத்து இழுத்துவிட்டான், கன்னத்தில் மெல்லிசாகக் கீறிவிட்டது. நான் மறைக்கவில்லை. மஞ்சள் பற்றுப் போட்டு, அவன் அம்மா வேலை முடிந்து வரும்போது வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். அவள் பையனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எம்மாந்தூரம் தள்ளிப் புடிக்கணும்னு இப்போ தெரிஞ்சிச்சா?" என்று அவனைத்தான் கேட்டாள். அன்றிலிருந்து எல்லா மூடியின் ஓரத்தையும் கருங்கல்லில் தேய்த்து மழுக்கிவிட்டுத்தான் கையில் கொடுக்கிறேன். இதையும் விசாரணையில் நானே சொல்வேன். அவர்கள் தோண்டி எடுக்க வேண்டாம்.

இப்போது இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்த நாள். காலையிலேயே பிள்ளைகளுக்கு முகம் கழுவி, எண்ணெய் வைத்து, கைகட்டி உட்காரவைத்தாயிற்று. வெல்பேர் ஆபீசர் அலமாரியைத் திறந்து பொம்மைகளைப் பாய்மேல் பரப்பினார். சரோஜாவின் மகள் பட்டு இருக்கிறாளே, நாலு வயசு வாயாடி, அவள் கையில் சீமைப் பொம்மையைக் கொடுத்து, "தொட்டுப் பாரு, ஆனா அழுத்தாதே" என்றார். பட்டு அதைச் சாய்த்தாள், கண் மூடியது. நிமிர்த்தினாள், கண் திறந்தது. மறுபடி சாய்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஆயா, இது எப்பிடிக் கண்ண மூடுது? பிரிச்சிப் பாக்கலாமா?" என்றாள். ஆபீசர் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். பட்டு அழவில்லை. பாவாடை மடிப்பிலிருந்து மூடிச் சக்கரத்தை எடுத்தாள், முறுக்கினாள், விர்ர்ர் என்று விட்டாள். ஒன்றைப் பார்த்து ஒன்று எல்லாப் பிள்ளைகளும் எடுத்துவிட்டன. தகர ரயில் சாவி தீர்ந்து பாய்மேல் நின்றுபோனதை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த இன்ஸ்பெக்டர் அம்மாள் நல்ல மனுஷி. புடவையைச் சொருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தே விட்டார். "யாரும்மா இதைச் செஞ்சது?" என்றதற்குப் பட்டு, "நாந்தான் செஞ்சேன். ரயிலு செஞ்சிச்சி, மீதி நாந்தான் செஞ்சேன்" என்றாள். அந்த அம்மாள் தானும் சுற்றிப் பார்த்தார், நூல் விரலில் சிக்கிக்கொண்டது. "இயுத்து இயுத்து வுடணும், கெட்டியாப் புடிச்சிகினே இருந்தா சுத்தாது" என்று பிள்ளைகள் நாலு பக்கமும் சொல்லிக்கொடுத்தார்கள். எழுந்து போகும்போது அலமாரிப் பூட்டைக் காட்டி ஆபீசரிடம், "இது எதுக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆபீசருக்கு மூக்கு உடைந்தது அங்கேதான். அந்தக் கோபம்தான் மறுநாளே என்மேல் புகாராக வந்தது. ஆலைச் சொத்தை எடுத்தேனாம். பிள்ளைகளை ஆபத்தில் விட்டேனாம். மேலதிகாரி முன்னால் அவமானப்படுத்தினேனாம். எரிகிற சுருளுக்கும் வளைந்த ஆணிக்கும் திருட்டுப் பட்டம்.

இதுவரைக்கும் எனக்குக் கவலையே இல்லை ஏழுமலை. ஆணி தட்டுகிற பெண்கள் அத்தனை பேரும் என் பக்கம் நிற்பதாகச் சொல்லிவிட்டார்கள். எதிர்த்துப் பேச வாயும் இருக்கிறது. நடுவில் நீ புகுந்தாய். வேலைக்குச் சேர்ந்து நிரந்தரம் ஆகிற நேரம், அம்மா பேரில் விசாரணை என்றால் உன் பேரும் கெடும் என்று பயந்தாய். கோமதிக்கு வேறு இது ஏழாவது மாதம். பயம் எனக்குப் புரிகிறது. பயப்படுகிறவனைத் திட்ட மாட்டேன். ஆனால் பயத்துக்கு நீ கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அதற்கு உன்னை விடமாட்டேன். அவர்கள் என்னைத் திருடி என்றுதான் சொன்னார்கள். திருடி என்றால் நான் மறுத்துப் பேசலாம். நீதான் புத்தி சரியில்லாதவள் என்றாய். அதற்கு நான் எதைச் சொல்லி மறுப்பது? நான் எது பேசினாலும், பாவம் பேசுகிறாள் என்றுதானே தலையாட்டுவார்கள்?

அதிலும் உன் அப்பாவின் சாவைக் கொண்டுபோய் அந்த அறையில் வைத்தாய். அப்பா போனதிலிருந்து எனக்கு மனசு சரியில்லையாம். ஆமாம்டா, சரியில்லைதான். நிலக்கரி இறக்கி இறக்கி நெஞ்சு கெட்டு, இருமி இருமி ராத்திரியெல்லாம் என் தோளில் சாய்ந்து கிடந்த மனுஷன் போனால் மனசு சரியாகவா இருக்கும்? அது துக்கம். துக்கத்துக்கும் கிறுக்குக்கும் வித்தியாசம் தெரியாத வயசா உனக்கு?

உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னமோ, யுத்த காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானது. தெருவில் இருந்த பிள்ளைகள் எல்லாம் மூட்டை முடிச்சோடு வண்டி ஏறிப் போய்விட்டார்கள். உன் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, விடமாட்டார்கள். அவரை விட்டு நானும் போகவில்லை. உனக்கு விளையாட ஆளில்லை. "அல்லாரும் எங்கம்மா பூட்டாங்கோ?" என்று நாள் முழுக்கக் கேட்பாய். அப்போது உன் அப்பா ஒரு சாயங்காலம் கப்பல் சரக்குப் பெட்டியின் உடைந்த மூடிப் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தெரு நடுவில் உட்கார்ந்து, உன்னை எதிரே உட்காரவைத்து, "நைனா, இத்த இன்னா பண்ணலாம்?" என்று உன்னைக் கேட்டார். நீ கப்பல் என்றாய். அவர் ஒரு பக்கம் கூர் சீவினார், நீ கல்லால் இன்னொரு பக்கம் தேய்த்தாய். காலியான தெருவில் அப்பனும் பிள்ளையும் அந்தப் பலகையைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போனீர்கள். சைரன் ஊதினால்கூட உன் கப்பலுக்குத்தான் ஊதுகிறார்கள் என்று சொல்லி உன்னைச் சிரிக்கவைத்தார். குண்டுக்குப் பயந்து ஊரே ஓடின தெருவில் பொம்மை செய்துகொண்டிருந்தாரே, அவரையும் கிறுக்கன் என்று சொல்லிவிடுவாயா? சொல்லேன் பார்ப்போம்.

யுத்தம் முடிந்து ஊர்ஜனம் திரும்பி வந்த பிறகு மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடையில் சாவி கொடுக்கிற தகரக் கார் ஒன்றைக் கேட்டு நீ அழுதாய். வாங்கிக் கொடுத்தேன். மறுநாளே அதைப் பிரித்து, உள்ளே இருந்த சுருள் வில்லை வெளியே இழுத்துப் போட்டு வைத்திருந்தாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் உன் முதுகில் இரண்டு வைத்தேன். உன் அப்பா என் கையைப் பிடித்துத் தடுத்து, "அடிக்காதே, அவன் உள்ள பாத்துட்டான் இல்ல, இனி அத்த வச்சி எதுனா பண்ணுவான்" என்றார். பண்ணினாய். இன்றைக்கு ஆலை வாசலில் மணி அடிக்கிற கடிகாரம் நின்றால் மெக்கானிக் வருவதற்கு முன்னால் உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பட்டு கேட்டதும் அதே கேள்விதான். பிரித்துப் பார்க்கலாமா? நீ அந்த வயசில் கேட்டபோது அது துறுதுறுப்பு, இன்றைக்குச் சரோஜா பெற்ற பெண் கேட்டால் அது ஆலைக்கு அவமானமா?

உனக்கு ஒன்று சொல்கிறேன், கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி. நம் மாதிரி ஜனங்களின் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து கேட்கிற முதல் வார்த்தை 'தொடாதே'. கடையில் தொடாதே, ஆபீசில் தொடாதே, கோயிலில் தள்ளி நில், ரயிலில் அந்தப் பெட்டியில் ஏறாதே. பெரியவன் ஆனதும் எதையும் தொடத் தைரியம் இல்லாமல் கைகட்டி நிற்கிறான். அவன் கையில் ஒரு மூடியைக் கொடுத்து, நீயே ஓட்டை போடு, நீயே பாழாக்கு, நீயே சுற்று என்று சொன்னால், ஒரு சாமான் எப்படி ஆகிறது என்று அவனுக்குத் தெரிகிறது. தன்னாலும் ஆகும் என்று தெரிகிறது. அந்தத் தெரிதலைப் பார்த்துத்தான் அவர்களுக்குப் பயம். பூட்டு போட்டது பொம்மைக்கு இல்லை. இது எனக்குப் பளிச்சென்று தெரிகிறது. உனக்குத் தெரியாமல் போனதுதான் எனக்கு ஆச்சரியம்.

நேற்றுச் சாயங்காலம் சரோஜா வந்தாள். நீ சொன்னது ஆணிக் கொட்டகை வரைக்கும் பரவிவிட்டதாம். அவள் தயங்கித் தயங்கி, "ஆயா, தப்பா எடுத்துக்காத. ரெண்டு பேரு வந்து கேக்கறாங்கோ, ஆயாவுக்கு மெய்யாலுமே தலை செரியில்லன்னா கொயந்தைங்கள அதுகிட்ட வுடலாமான்னு" என்றாள். எழுந்து போகும்போது, பட்டுவை வழக்கம்போல என்னிடம் ஞாயிற்றுக்கிழமைக்காக விட்டுப் போவாளே, விடவில்லை. கையைப் பிடித்துக் கூடவே கூட்டிப் போனாள். பட்டு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபம் சரோஜாமேல் இல்லை. இன்று காலையில் அவளே மனசு கேட்காமல் பட்டுவைத் திரும்பக் கொண்டுவந்து விட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு விட்டாள், இந்தக் கடிதத்தையும் உட்கார்ந்து கேட்கிறாள். ஆனால் ஒரு ராத்திரி யோசித்தாள் இல்லையா? மற்றவர்கள் யோசித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். வெல்பேர் ஆபீசர் எத்தனை புகார் எழுதியும் செய்ய முடியாததை நீ ஒரு வார்த்தையில் செய்துவிட்டாய்.

ஆகவே நாளைக்கு நடக்கப் போவதைச் சொல்லிவிடுகிறேன். தலையாட்டுவதற்கு நான் வரவில்லை. அவர்கள் கேட்பதற்கெல்லாம் நானே பதில் சொல்வேன். சுருள் எடுத்தேன், ஆணி எடுத்தேன், தண்டவாளத்தில் மூடி வைத்தேன், ஒரு பையன் கன்னத்தில் கீறல் விழுந்தது, எல்லாம் உண்மை, எல்லாம் தெரிந்துதான் செய்தேன், மறுபடி பிள்ளைகளைக் கொடுத்தால் மறுபடியும் செய்வேன். வேலையை விட்டு அனுப்பினால் போகிறேன். ஆணி தட்டத் தெரிந்த கைக்கு மீன் கூடை தூக்கவும் தெரியும், காசிமேடு ஒன்றும் சீமையில் இல்லை. மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன். கடைசியாக, உங்கள் பையன் இப்படிச் சொன்னாரே என்று கேட்பார்கள். நீ அங்கேதான் நின்றுகொண்டிருப்பாய். அதற்கு முன்னால் நீயே எழுந்து, நான் சொன்னது தப்பு, எங்கம்மாவுக்குப் புத்தி நன்றாக இருக்கிறது என்று சொன்னால் உனக்கு மரியாதை. சொல்லாமல் நின்றாயானால், என் பையன் பயத்தில் பொய் சொல்லிவிட்டான் என்று நான் சொல்வேன். உன் எதிரிலேயே சொல்வேன். பெற்ற பிள்ளை என்று பார்க்க மாட்டேன். அதனால் உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. என்ன ஆனாலும் என் வீட்டில் உனக்குச் சோறு உண்டு, அதில் மாற்றம் இல்லை.

இன்னும் ஒன்றுதான். இது மேனேஜருக்கு இல்லை, உனக்கு. பிரசவம் ஆனதும் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுக் கோமதி தையல் வேலைக்குப் போகலாம் என்று நீங்கள் இரண்டு பேரும் போன மாதம் பேசி வைத்திருக்கிறீர்கள். கோமதி என்னிடம் சொன்னாள். நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்குத் தெரியாது. இப்போது நீ சொல். புத்தி சரியில்லாதவளிடம் உன் பிள்ளையை விடுவாயா? விடுவேன் என்றால் நாளைக்கு அந்த அறையில் அதைச் சொல். விடமாட்டேன் என்றால் மேனேஜரிடம் நீ சொன்னது பொய் இல்லை, நீ நம்பித்தான் சொல்லியிருக்கிறாய். அப்படியானால் அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ.

உன் அம்மா